கட்டளையின் மூன்று விடைகள்

கடலின் ஏற்ற இறக்கத்தைக் கருவிகொண்டு இடைவிடாது பதிவு செய்யும் பணி போர்ட் பிளேரில் 1880-ஆம் ஆண்டு தொடங்கிற்று. அக்காலத்துக் கடல்மட்டக் கருவியின் அமைப்பு எளியது. கடலோடு தொடர்புடைய கிணறு ஒன்றில் மிதவை மிதக்கும். மிதவையின் அசைவு கம்பி வழியாக ஒரு பென்சிலை அடையும். கடிகாரத்தால் சுழலும் உருளையின்மீது சுற்றிய தாளில் அப்பென்சில் கோடு வரைந்துகொண்டே இருக்கும். மறு ஆண்டு, 1881 டிசம்பர் 31-ஆம் நாள், கார் நிக்கோபாருக்கு அருகே கடலடியில் பெரும் நிலநடுக்கம் ஒன்று நிகழ்ந்தது. அதனால் எழுந்த அலைகளை வங்காள விரிகுடாவைச் சுற்றிலும் இருந்த எட்டு நிலையங்களின் தாள்கள் பதிந்து வைத்தன; அவற்றுள் மிக உயர்ந்த அலைமுகடு 0.8 மீட்டர். அத்தாள்களைத் துணைக்கொண்டு, 120 ஆண்டுகளுக்குப் பின்னர், 2003-இல் வெளியான ஓர் ஆய்வு அந்நிலநடுக்கத்தின் அளவை 7.9 எனக் கணித்தது.

அந்தத் தாளில் கடலின் செய்தி மட்டும் இல்லை. கருவியின் செய்தியும் இருந்தது. மிதவை சிக்கிக்கொண்டால் பென்சில் அசையாது நிற்கும். உருளை மட்டும் சுழல, தாளில் படுக்கையாக ஒரு நேர்க்கோடு விழும். கடிகாரம் நின்றுவிட்டால் உருளை நின்றுபோகும். பென்சில் ஒரே இடத்தில் மேலும் கீழும் உரசித் தடித்த செங்குத்துக் கோட்டை உண்டாக்கும். பென்சில் முனை ஒடிந்தால் கிடைப்பது வெறுந்தாள். ஆகவே கடல் அமைதியாக இருந்ததா, அல்லது கருவி கெட்டுப்போயிற்றா என்பதைத் தாளைப் பார்த்த அளவிலேயே பிரித்தறிய முடிந்தது.

இன்று அதே பணியை மின்னணுக் கருவிகளும் கணினிகளும் செய்கின்றன. அலுவலகக் கணினியில் எழுதிவைத்த சிறு நிரல் ஒன்று குறித்த நேரத்தில் தானே எழுந்து, பல கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏவி, அவை தரும் விடைகளைப் பெற்றுப் பதிவேட்டில் எழுதிவிட்டு ஓய்கிறது. அவ்வேளையில் பக்கத்தில் ஆள் இருப்பதில்லை. பழைய தாள் தானாகவே காட்டிய வேறுபாட்டை இந்நிரல் தானாகக் காட்டுவதும் இல்லை. எழுதுகிறவர் கேட்டால்தான் காட்டும். எப்படிக் கேட்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். மழைமானியோ வெப்பமானியோ கடல்மட்டமானியோ, எதன் அளவுகளைத் திரட்டும் களப் பணியாளருக்கும், கணினி கற்பிக்கும் ஆசிரியருக்கும் இது பயன்படும் என நம்புகிறோம்.

ஷெல் என்னும் ஏவலாள்

கணினியின் உட்கருவாகிய இயக்க முறைமைக்கும் பயனருக்கும் இடையே நின்று, நாம் தட்டச்சு செய்யும் கட்டளையை வாங்கி, உரிய நிரலை ஏவி, விடையைக் கொணர்ந்து தரும் இடையாளுக்கு ‘ஷெல்’ என்று பெயர். விதையைச் சூழ்ந்த ஓடு போல உட்கருவைச் சூழ்ந்திருப்பதால் இப்பெயர் ஏற்பட்டது. 1960-களில் லூயி பூசான் என்னும் பிரெஞ்சு அறிஞர் இச்சொல்லை இப்பொருளில் வழங்கினார். யூனிக்ஸ் முறைமைக்கு 1971-இல் கென் தாம்சன் ஒரு ஷெல்லை எழுதினார்; 1979-இல் ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் பரவலாயிற்று. அதன் வழிவந்த ‘பாஷ்’ என்பதே இன்று லினக்ஸ் கணினிகள் பலவற்றில் காணப்படுவது.

அன்றாடம் தட்டச்சு செய்யும் கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்தால் அது ‘ஸ்கிரிப்ட்’ ஆகிறது. ஒரு கட்டளையின் விடையைத் திரையில் விடாமல் பிடித்து வைத்துக்கொள்ள, போர்னின் ஷெல் பின்சாய்ந்த மேற்கோள் குறிகளைப் பயன்படுத்திற்று. இப்பொழுது டாலர் குறியோடு பிறை அடைப்பு, அதாவது $(…), அதே வேலையைச் செய்கிறது. அடைப்புக்குள் எழுதிய கட்டளை முதலில் இயங்கும். அது வெளியிடும் எழுத்துகள் யாவும் அவ்விடத்தில் வந்து அமரும். அவற்றை ஒரு மாறியில் சேமித்துக்கொள்ளலாம். கேட்பதற்கு இது போதுமானதாகவே தோன்றும். ஆனால் ஏவப்பட்ட ஒவ்வொரு கட்டளையும் திரும்பும்போது ஒன்றையன்று, மூன்றை நம்மிடம் தருகிறது. மேற்சொன்ன அடைப்பு அவற்றுள் முதலாவதை மட்டுமே பிடிக்கும்.

முதலாவது, கட்டளையின் இயல்பான வெளியீடு. இரண்டாவது, பிழைச் செய்திகள் செல்லும் தனி ஓடை. மூன்றாவது, முடிவெண், 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண். பள்ளியில் பூச்சியம் வாங்கினால் தோல்வி. ஷெல்லில் பூச்சியமே வெற்றி. வெற்றி ஒரே விதம், தோல்வியோ பல விதம் ஆதலால், தோல்விக்கு 255 எண்களை ஒதுக்கிவைத்தது நியாயமே எனலாம்.

பிழைக்கென்று தனி ஓடை யூனிக்ஸில் தொடக்கத்திலேயே இருக்கவில்லை. 1970-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஒளி அச்சுக்கோப்பு யந்திரம் ஒன்று இருந்தது. அதற்கு அனுப்பிய ஆவணத்தில் ஏதேனும் கோளாறு நேர்ந்தால், பிழைச் செய்தியும் வெளியீட்டோடு கலந்து யந்திரத்துக்கே போய்விடும். ஒளித்தாளைக் கழுவி எடுத்துப் பார்த்தால், கட்டுரைக்குப் பதிலாகப் பிழைச் செய்தி அழகிய எழுத்தில் அச்சாகியிருக்கும்! இவ்வாறு சில முறை தாள் வீணான பின்னரே பிழை ஓடையைப் பிரித்து வைத்தனர். அந்தப் பிரிவினையின் பயனை நாம் இன்று அறியாமலே அனுபவிக்கிறோம். சில சமயம் அறியாமலே கெடுத்தும் கொள்கிறோம்.

ஹட் பேயில் ஓர் இரவு

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். லிட்டில் அந்தமான் தீவில், ஹட் பேயில், சிறிய கள அலுவலகம் ஒன்று இருக்கிறது. படகுத்துறையில் உள்ள கடல்மட்டமானியின் அளவு மணிக்கொரு முறை வேறோர் ஊரிலுள்ள சர்வரில் சேர்கிறது. அலுவலகத்தின் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு மணியும் மூன்று கட்டளைகளை ஏவுகிறது. ‘கர்ல்’ என்னும் கட்டளை சர்வரிலிருந்து கோப்பைக் கொணர்கிறது. ‘கிரெப்’ அதில் ஹட் பேக்கு உரிய வரியைத் தேடி எடுக்கிறது. ‘ஆக்’ அவ்வரியில் உள்ள எண்ணைப் பிரித்துக் கணக்கிட்டுத் தருகிறது. மூன்றும் நிமிர்ந்த கோட்டுக் குறியால் இணைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றின் வெளியீட்டை மற்றொன்றின் உள்ளீடாகச் செலுத்தும் இக்குழாய் இணைப்பு டக் மக்கில்ராயின் யோசனைப்படி 1973-இல் யூனிக்ஸில் சேர்ந்தது. கடைசியில் வரும் எண் ஒரு மாறியில் அமர்கிறது, பதிவேட்டில் ஏறுகிறது.

இரவு இரண்டு மணிக்கு இணைப்பு அறுந்துவிட்டது என்று கொள்வோம். கர்ல் தோற்றுப் பிழைச் செய்தி வெளியிடுகிறது. அதைப் படிக்க ஆள் இல்லை. கிரெப்புக்கு ஒரு வரியும் கிட்டவில்லை. ஆக் கட்டளையோ, வெறுமையைக் கணக்கில் சேர்க்கும்போது பூச்சியமாகவே கொள்ளும் இயல்புடையது; 0 என்று எழுதிவிட்டு, வேலை நன்கு முடிந்ததெனத் தன் முடிவெண்ணாகப் பூச்சியத்தைத் தருகிறது. குழாய் இணைப்பு முழுமைக்கும் முடிவெண்ணாகக் கொள்ளப்படுவது கடைசிக் கட்டளையின் முடிவெண்ணே. ஆக, ஸ்கிரிப்ட் வென்றது, கடல்மட்டம் 0. பதிவேட்டைப் பார்ப்பவருக்கு ஐயமெழக் காரணமே இல்லை.

இதன் விளைவைச் சிறு கணக்கால் காணலாம். அன்றைய உண்மைச் சராசரி 1.20 மீட்டர் என்க. 24 அளவுகளில் 4 மட்டும் தொலைந்து, அவ்விடங்களில் பூச்சியம் ஏறினால், சராசரி 1.00 மீட்டராகக் குறைந்துவிடும். பிழை 20 சென்டிமீட்டர். உலகச் சராசரிக் கடல்மட்டம் 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு ஏறத்தாழ 3.7 மில்லிமீட்டர் வீதம் உயர்ந்தது. அவ்வீதப்படி 54 ஆண்டுகளில் நேரும் மாற்றத்தை நம்முடைய ஸ்கிரிப்ட் ஒரே இரவில் எதிர்த்திசையில் செய்து முடித்துவிட்டது.

திடீர் மாற்றம் காட்டும் எண்களையெல்லாம் பின்னர் நீக்கிவிடலாமே என்று கேட்கலாம். வேறிடத்தில் அது ஓரளவு பொருந்தும். அந்தமான் நிக்கோபாரில் பொருந்தாது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் காலை 6 மணி 28 நிமிடத்துக்குச் சுமத்ரா அருகே தொடங்கிய நிலப்பிளவு வடக்கு நோக்கி ஓடி இத்தீவுகளின் அடியில் சென்றது. போர்ட் பிளேர் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. தென்கோடியிலுள்ள இந்திரா முனை 4 மீட்டருக்கும் மேல் அமிழ, கலங்கரை விளக்கத்தின் அடி நீருள் நின்றது. வட அந்தமானில் திக்லிப்பூர்ப் பக்கமோ உயர்ந்தது. பவளப் பாறைகள் நீருக்கு வெளியே வந்தன. அங்கே கடல்மட்ட எண் ஒரே நாளில் தாவியது பிழையன்று, நிலமே தாவியது. இன்னொன்று: சுனாமிக்கு முன் சில கரைகளில் கடல் வெகுதூரம் பின்வாங்குவதுண்டு. அப்பொழுது வரக்கூடிய தாழ்ந்த எண்ணை, ‘இது வழக்கமாக வரும் பொய்ப் பூச்சியம்’ என்று பழகிப்போன கண் தள்ளிவிடுமானால், அக்கருவி இருந்தும் இல்லாததற்குச் சமமே.

அந்நாளில் இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பு எதுவும் இல்லை. நிக்கோபார்த் தீவுகளோடு செய்தித் தொடர்புகள் அறுந்தன. கார் நிக்கோபாரை அலை மூழ்கடித்ததற்கும் தமிழகக் கரையைத் தாக்கியதற்கும் இடையே ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. தீவிலிருந்து செய்தி வராமையே ஒரு செய்தி என்று கொள்ளும் ஏற்பாடு அன்று இருக்கவில்லை. ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில் பணி தொடங்கியது. அத்தகைய மையங்களின் முறைகள் பெரியவை, வேறானவை. அவற்றை இங்கே பேசவில்லை. நம் சிறு அலுவலகத்தின் சிறு ஸ்கிரிப்ட், ‘விடை வரவில்லை’ என்பதையும் ஒரு விடையாகப் பதிவு செய்யுமாறு செய்வது நம் கையில் உள்ளது.

‘இல்லை’ என்பதும் ‘பார்க்கவில்லை’ என்பதும்

மழைமானி பார்ப்பவர்கள் இவ்வேறுபாட்டை நெடுங்காலமாக அறிவார்கள். காலை 8.30 மணிக்கு அளவிட்டு, மழை பெய்யவில்லையென்றால் 0.0 என்று எழுதுவார்கள். அளவிடப் போக இயலாத நாளில் 0.0 எழுதுவது பெருந்தவறு. அவ்விடத்தை அளவு இல்லை என்றே குறிக்க வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் போர்ட் பிளேர் போன்ற ஊரில், விட்டுப்போன ஒரு நாள் வறண்ட நாளாகப் பதிவானால் மாதக் கணக்கே மாறிவிடும்.

கிரெப் கட்டளையின் முடிவெண் இதே நுட்பத்தை உடையது. தேடிய சொல் கிடைத்தால் 0. கோப்பை முழுதும் பார்த்தும் கிடைக்காவிட்டால் 1. கோப்பையே திறக்க முடியாமற்போனால் 2. ‘இல்லை’ வேறு, ‘பார்க்கவில்லை’ வேறு. ‘பிங்’ கட்டளையும் ஏறக்குறைய அப்படியே: மறுமுனையிலிருந்து பதில் வாராவிட்டால் 1, வேறு கோளாறானால் 2. கர்ல் இன்னும் விரிவாகப் பேசும்: சர்வரின் பெயரை முகவரியாக மாற்ற முடியவில்லை எனில் 6, காலக்கெடு தீர்ந்தது எனில் 28. ஷெல் தன் பங்குக்கு, கட்டளையே காணப்படவில்லை எனில் 127 என்றும், இருந்தும் இயக்க அனுமதி இல்லையெனில் 126 என்றும் கூறும். இவற்றை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பதிவேட்டில் எண்ணைக் குறித்து வைத்தால், காரணத்தைக் கையேட்டில் பிறகு பார்த்துக்கொள்ளலாம். குறிக்காமல் விட்ட எண்ணை எந்தக் கையேடும் திருப்பித் தராது.

கர்ல் பற்றி ஓர் எச்சரிக்கை வேண்டும். சர்வர் விழித்திருந்து, ‘நீ கேட்ட கோப்பு இங்கில்லை’ என்று ஒரு பக்கத்தை அனுப்பினால், கர்ல் அதையும் வெற்றியாகவே கருதி முடிவெண் 0 தரும்; கொண்டுவரச் சொன்னதைக் கொண்டுவந்தாயிற்று அல்லவா! அத்தகைய விடையைத் தோல்வியாகக் கொள்ளும்படி ‘ஃபெயில்’ என்னும் விருப்பக் குறியைச் சேர்த்தால் முடிவெண் 22 கிடைக்கும். இதை விட்டவர்களின் தரவுக் கோப்புகளில் மழை அளவுக்குப் பதிலாக மன்னிப்புக் கடிதம் குடியிருப்பதை எவரும் காணலாம்.

ஷெல்லில் முடிவெண்ணைப் பிடிப்பது எளிது; இழப்பது அதனினும் எளிது. டாலர் குறியும் வினாக்குறியும் சேர்ந்த $? என்னும் இடத்தில் அது இருக்கும். ஆனால் அடுத்த கட்டளை இயங்கிய கணமே பழைய எண் அழிந்து புதியது வந்துவிடும். இடையே ஒரு வாக்கியத்தைத் திரையில் எழுதச் சொன்னாலும் போதும், அவ்வெழுத்தின் வெற்றியே அங்கு நிற்கும். ஆதலால் கட்டளைக்கு மறு வரியிலேயே அதை ஒரு மாறியில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பாஷ் ஷெல்லின் செயற்கூறு ஒன்றினுள், ‘லோக்கல்’ என்னும் சொல்லால் மாறியை அறிவித்து அதே வரியில் கட்டளையின் விடையையும் நிரப்பினால், கிடைக்கும் முடிவெண் லோக்கல் என்பதன் வெற்றியே தவிர நம் கட்டளையினுடையதன்று. அறிவிப்பை ஒரு வரியிலும் நிரப்புதலை மறு வரியிலும் எழுதினால் இத்தொல்லை இல்லை. ஹட் பே எடுத்துக்காட்டில் கண்ட குழாய்க் குறைக்கு மருந்து ‘பைப்ஃபெயில்’ என்னும் அமைப்பு. அதை இட்டால் இணைப்பில் எந்தக் கட்டளை தோற்றாலும் முழு இணைப்பும் தோற்றதாகக் கொள்ளப்படும். கோப்பை முதலில் தனியே இறக்கி, முடிவெண் பார்த்து, பிறகு தேடுவது இன்னும் தெளிவானது என்பது என் கருத்து. இரண்டு வரி கூடினால் ஒன்றும் நட்டமில்லை.

பிழை ஓடையைப் பொறுத்தவரை, அதை வெளியீட்டோடு கலந்துவிடுவதும் தவறு; பள்ளத்தில் கொட்டிவிடுவதும் தவறு. தனிக் கோப்பில் விழச் செய்து, தோல்வி நேர்ந்தபோது மட்டும் அதன் முதல் வரியைப் பதிவேட்டில் சேர்ப்பதே தக்கது. பிழைச் செய்தியின் சொற்களை வைத்து நிரல் முடிவெடுக்கக் கூடாது. செய்தியின் மொழி கணினியின் அமைப்புக்கேற்ப மாறும், எண் மாறுவதில்லை.

இடப்பெயர்களால் வரும் இடர்

இத்தீவுகளின் இடப்பெயர்கள் ஷெல்லுக்குத் தனி இடையூறு. ஹட் பே, கார் நிக்கோபார், போர்ட் பிளேர், லாங் ஐலண்ட் என எங்கும் இடைவெளி. மேற்கோள் குறிக்குள் வைக்காத மாறியை ஷெல் இடைவெளிதோறும் வெட்டிவிடும். ‘ஹட் பே’ என்று பெயரிட்ட கோப்பைக் கொண்டுவா என்றால், ‘ஹட்’ என்றொரு கோப்பையும் ‘பே’ என்றொரு கோப்பையும் தேடிப் போகும். கொண்டுவரும் கட்டளையில் இது வெறும் தோல்வி. அழிக்கும் கட்டளையில் விபரீதம். மாறி வரும் இடமெல்லாம் இரட்டை மேற்கோள் இடுவதைக் கைப்பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

பெயர்கள் மாறவும் செய்கின்றன. 2018 டிசம்பரில் ஹேவ்லாக் தீவு ஸ்வராஜ் தீவு ஆயிற்று. நீல் தீவு ஷாஹீத் தீவு ஆயிற்று. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் பெற்றது. சர்வரின் கோப்பில் புதுப்பெயர் ஏறிய அன்று, பழைய பெயரைத் தேடும் கிரெப், நேர்மையாகவே முடிவெண் 1 தரும்: ‘பார்த்தேன், இல்லை.’ நிலையம் அங்கேயே இருக்கிறது, அளவும் வந்துகொண்டிருக்கிறது. ஆகவே நிலையத்தைப் பெயரால் அன்றி மாறாத குறியெண்ணால் தேடுவது நன்று.

கம்பி வடமும் காலக்கெடுவும்

தோற்றுத் திரும்பும் கட்டளையாவது நமக்கு ஒரு முடிவெண் தருகிறது. திரும்பாமலே போகும் கட்டளை அதுவும் தராது. இணைப்பு பாதியில் தொங்கினால் கட்டளை மணிக்கணக்கில் காத்திருக்கும். அடுத்த மணிக்கு இன்னொரு ஸ்கிரிப்ட் எழுந்து அதுவும் காத்திருக்கும். காலையில் வந்து பார்த்தால் கணினி முழுதும் காத்திருப்போர் கூட்டம். இதைத் தவிர்க்க ‘டைம்அவுட்’ என்னும் கட்டளையின் வழியாக ஏவலாம். குறித்த நொடிகள் கடந்ததும் அது ஏவலை நிறுத்தி முடிவெண் 124 தரும்.

எத்தனை நொடி என்பது இடத்தைப் பொறுத்தது. 2020-க்கு முன் இத்தீவுகளின் தொடர்பு செயற்கைக்கோள்களையே நம்பியிருந்தது. புவியிணைச் செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. கேள்வி மேலேறிக் கீழிறங்கி, விடையும் மேலேறிக் கீழிறங்க வேண்டும். மொத்தம் 1,44,000 கிலோமீட்டர். ஒளியின் வேகத்திலேயே சென்றாலும் அரை நொடி ஆகும். 2020 ஆகஸ்டு 10-ஆம் நாள் சென்னையையும் போர்ட் பிளேரையும் இணைக்கும் கடலடி ஒளியிழை வடம் தொடங்கி வைக்கப்பட்டது. ஸ்வராஜ் தீவு, லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகியவற்றையும் சேர்த்து அதன் நீளம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். செலவு ஏறத்தாழ 1,224 கோடி ரூபாய். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்லும். வடத்தின் முழு நீளத்தையும் போய்வருவதாகக் கொண்டாலும் 23 மில்லிநொடியே ஆகும். முன்னதினும் இருபது மடங்கு விரைவு.

வடத்தின் வேகத்தில் பழகியவர் காலக்கெடுவை மிகச் சுருக்கமாக வைத்துவிட்டால், வடம் பழுதாகிச் செயற்கைக்கோள் வழிக்கு மாறும் நாளில், நலமாக இயங்கும் நிலையமும் செத்ததாகப் பதிவாகும். பிங் தரும் போய்வரும் நேரத்தையும் மணிதோறும் பிடித்து வைப்பது நல்லது. 30 மில்லிநொடியில் இருந்தது திடீரென்று 600 ஆனால், வழி மாறியதை அவ்வெண்ணே சொல்லிவிடும்.

பைத்தான் நிரலிலிருந்து ஏவுதல்

கணக்கு மிகுந்த வேலைக்குப் பலரும் பைத்தான் மொழியை நாடுகின்றனர். வெளிக்கட்டளைகளை ஏவி விடை பெறுவதற்கான ‘சப்பிராசஸ்’ என்னும் பகுதி பைத்தான் 2.4-ஆம் பதிப்பில் சேர்ந்தது. அப்பதிப்பு வெளியான நாள் 2004 நவம்பர் 30. இதன் ‘ரன்’ என்னும் செயற்கூறு 2015-இல் வந்தது. அது நமக்குத் திருப்பித் தரும் பொருளில் வெளியீடு, பிழை ஓடை, முடிவெண் ஆகிய மூன்றும் தனித்தனியே பெயரிட்டு வைக்கப்பட்டிருக்கும். காலக்கெடுவையும் அதே அழைப்பில் தரலாம். ‘செக்’ என்னும் குறிப்பைத் தந்தால், முடிவெண் பூச்சியமல்லாதபோது நிரல் அங்கேயே விதிவிலக்கை எழுப்பும். கவனியாமல் கடந்துபோக வழியில்லை. இம்மூன்று விடைகளையும் வற்புறுத்தி முன்வைப்பதால், தொடக்கநிலையினருக்கு ஷெல்லைக் காட்டிலும் இதையே நான் பரிந்துரைப்பேன்.

கட்டளையை ஒரே நீள வாக்கியமாக எழுதி ஷெல்லிடம் ஒப்படைப்பதை விட, சொல் சொல்லாகப் பிரித்துப் பட்டியலாகத் தருவது மேல். அப்பொழுது ‘ஹட் பே’ வெட்டுப்படாது. வெளியிலிருந்து வந்த நிலையப் பெயரில் அரைப்புள்ளியும் அதன் பின் அழிவுக் கட்டளையும் ஒளிந்திருந்தாலும், அது வெறும் எழுத்தாகவே கருதப்படும், இயங்காது.

இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். வெளியீடும் பிழையும் நிரலுக்கு வந்து சேரும் குழாய்களின் கொள்ளளவு லினக்ஸில் வழக்கமாக 65,536 பைட். நிரல் வெளியீட்டுக் குழாயை மட்டும் படித்துக்கொண்டிருக்க, கட்டளை பிழைக் குழாயை நிரப்பிவிட்டால், அது காலியாகும் வரை கட்டளை நிற்கும். கட்டளை எழுதும் வரை நிரல் நிற்கும். குறுகிய துறையில் எதிரெதிர் வந்த இரு படகுகள், நீ முதலில் விலகு என்று நிற்பதைப் போன்றது இது. ‘ரன்’ செயற்கூறு இரு குழாய்களையும் ஒருசேரப் படிப்பதால் இந்நிலை நேராது. பழைய முறையில் கையால் குழாய் அமைப்பவர்கள்தாம் கவனிக்க வேண்டும்.

பதிவேட்டின் ஒரு வரி

இவ்வளவும் செய்தபின் பதிவேட்டில் ஏற வேண்டியது ஒரே வரிதான்: நேரம், நிலையக் குறியெண், அளவு, முடிவெண், பிழை இருப்பின் அதன் முதல் வரி. தோல்வி நேர்ந்தால் அளவுக்குரிய இடம் வெறுமையாக இருக்க வேண்டும். பூச்சியம் கூடாது, முந்திய மணியின் எண்ணும் கூடாது. நேரத்தை இந்திய நேரம் என்று வெளிப்படையாக எழுத வேண்டும். போர்ட் பிளேர் 92.7 பாகைத் தீர்க்கரேகையில் இருப்பதால், 82.5 பாகையை அடிப்படையாகக் கொண்ட இந்திய நேரத்துக்கும் அவ்வூர்ச் சூரியனுக்கும் 40 நிமிடத்துக்கு மேல் வேறுபாடு உண்டு. பழைய ஏடுகளோடு ஒப்பிடுவோருக்கு இது முக்கியம்.

விட்டுப்போன அளவுகளின் எண்ணிக்கையையே ஸ்கிரிப்ட்டின் முடிவெண்ணாகத் திருப்பித் தரும் வழக்கம் சிலரிடம் உண்டு. முடிவெண் 255-க்கு மேல் ஏறாது. 256 விட்டுப்போனால் அது சுற்றி வந்து பூச்சியமாகி, முழு வெற்றி என்று அறிவிக்கும். எண்ணிக்கையை வெளியீட்டில் எழுதி, முடிவெண்ணை 0 அல்லது 1 என்ற அளவில் நிறுத்துவதே சரி.

வகுப்பில் செய்து பார்க்க

ஆசிரியர்கள் இதை இணையத் தொடர்பு இல்லாமலே காட்டலாம். சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் உட்பட எந்த லினக்ஸ் கணினியும் போதும். ‘தீவுகள்’ என்ற கோப்பில் பத்துத் தீவுகளின் பெயர்களை வரிக்கு ஒன்றாக மாணவர்கள் தட்டச்சு செய்யட்டும். அதில் கமோர்ட்டா என்பதைத் தேடி முடிவெண்ணைப் பார்க்கட்டும்: 0. அடுத்து ராமேசுவரத்தைத் தேடட்டும்: 1. பிறகு கோப்பின் பெயரை வேண்டுமென்றே தவறாக எழுதித் தேடட்டும்: 2. ஒவ்வொரு முறையும் திரையில் வந்தது எந்த ஓடையைச் சேர்ந்தது என்று கேட்கலாம். வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பிய பின்னும் மூன்றாவது தேடலில் திரையில் ஒரு வரி தோன்றுவதைக் கண்டால், பிழை ஓடை தனியானது என்பதை விளக்கிக் கூறவே தேவையிராது.

நான்காவதாக ஒரு சோதனையும் உண்டு. இது தமிழுக்கே உரியது. ‘நிக்கோபார்’ என்பதில் உள்ள ‘கோ’வின் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம்; ஏகாரக் கொம்பும் காலும் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கோப்பில் ஒரு விதமாகவும் தேடும் சொல்லில் மற்றொரு விதமாகவும் அமைந்துவிட்டால், கண்ணெதிரே நிக்கோபார் இருக்க, கிரெப் 1 என்னும். மாணவர்கள் திகைப்பார்கள். அப்பொழுது இரு சொற்களையும் தனித்தனிக் கோப்பில் இட்டு, எழுத்துகளை எண்ணும் கட்டளையால் பைட் கணக்கைப் பார்க்கச் சொல்லலாம். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் கொள்ளும். ஆகவே ஒன்று மற்றொன்றைவிடச் சரியாக மூன்று பைட் கூடுதலாக இருக்கும். பைத்தானில் ‘யூனிகோடுடேட்டா’ பகுதியிலுள்ள ‘நார்மலைஸ்’ செயற்கூறு இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும். அதன்பின் அதே தேடலை மறுபடி ஏவினால் முடிவெண் 0 வரும்.